வயிறு முதலில் சொன்னது



போன வெள்ளிக்கிழமை, சந்தை நாள். வேப்பூர் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவி வந்து பேசினாள். இப்போது நர்ஸாக இருக்கிறாள். என் அண்ணனைப் பற்றி விசாரித்துவிட்டு, "சார், குடல்ல புண்ணு இருந்தா பின்னால கை நடுக்கம் வரும்னு ஒரு வீடியோ சுத்துது. நெசமா சார்? எங்க அம்மாவுக்கு ரொம்ப வருஷமா வயித்துத் தொந்தரவு. பயமா இருக்கு" என்றாள். பஸ் வந்துவிட்டது. "எழுதுறேம்மா, படிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ஏறினேன். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். முப்பது வருஷம் என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

முதலில் அண்ணன் கதை. உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. அண்ணன் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளில்தான் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தார். ஃபியூஸ் கேரியர், பொம்மை, அகல் விளக்கு என்று அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொருளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து ஓரம் தட்டிச் சரிசெய்யும் வேலை. கை அசையக் கூடாது. அசைந்தால் விளிம்பு உடையும். அந்தக் கைதான் 63 வயதில் நடுங்க ஆரம்பித்தது.

அதற்கு இருபது வருஷம் முன்பிருந்தே அவருக்கு மலச்சிக்கல். "வெளிக்குப் போய் மூணு நாளாச்சுடா" என்பார். நாங்கள் சிரிப்போம். அம்மா விளக்கெண்ணெய் கொடுப்பார். அண்ணி, "நேரத்துக்குத் தண்ணி குடிச்சாத்தானே" என்று திட்டுவார். ஐம்பத்தைந்து வயதுவாக்கில் அவருக்கு வாசனையும் தெரியாமல் போனது. அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் தெரியாது. அதற்கும் சிரித்தோம். பிறகு கை நடுங்கியது. குடிப்பழக்கமே இல்லாத மனிதரை, "ரகசியமா குடிக்கிறாரு போல" என்று ஊர் பேசியது. தோள்பட்டை வலி என்று ஒரு மருத்துவரிடம் ஒன்றரை வருஷம் சிகிச்சை நடந்தது. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் அவரை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பார்க்கின்சன் நோய். நம் ஊர் பேச்சில் நடுக்குவாதம்.

அந்த மருத்துவர் கேட்ட இரண்டாவது கேள்வி: "மலச்சிக்கல் எத்தனை வருஷமா?" நான் அதிர்ந்துபோனேன். கை நடுக்கத்துக்கும் மலச்சிக்கலுக்கும் என்ன சம்பந்தம்? அறிவியல் ஆசிரியனான எனக்கே தெரியவில்லை. அன்று முதல் தேடித்தேடிப் படித்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை 1817-ல் தொடங்குகிறது. லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மொத்தம் ஆறே ஆறு நோயாளிகள். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. ஆனாலும் நடுக்கம், முன்பக்கம் வளைந்த உடல், ஓட்டமும் நடையுமாகப் போவது எல்லாவற்றையும் கச்சிதமாக எழுதினார். கூடவே இவர்களுக்குக் குடல் மந்தமாக இருக்கிறது, மலம் கழிக்க மருந்து தேவைப்படுகிறது என்றும் குறித்தார். வயிறும் குடலும் கெடுவதால் தண்டுவடத்தின் ஒரு பகுதியில் கோளாறு தூண்டப்படலாமோ என்ற யோசனையையும் எழுதி, அந்தத் தொடர்பைத் தன்னால் காட்ட முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். இருநூறு வருஷத்துக்கு முன்பே கேள்வி சரியாகக் கேட்கப்பட்டுவிட்டது. பதில் தேட ஆள் இல்லை.

ஏன் இல்லை? குடலுக்குள் நரம்பு இருக்கிறது என்பதே அப்போது தெரியாது. 1857-ல் ஜெர்மனியில் மெய்ஸ்னர் என்பவர் குடலின் உட்சுவருக்கு அடியில் ஒரு நரம்பு வலையைக் கண்டார். 1862-ல் அவுவர்பாக் என்பவர் குடலின் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே இன்னொரு வலையைக் கண்டார். இன்றும் அந்த வலைகளுக்கு அவர்கள் பெயர்தான். உணவுக்குழாய் தொடங்கி ஆசனவாய் வரை இந்த நரம்பமைப்பு நீள்கிறது. இதில் உள்ள நரம்பு செல்கள் 10 கோடிக்கும் மேல்.

1899-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாய்களில் ஒரு சோதனை செய்தார்கள். குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளையெல்லாம் துண்டித்த பிறகும், உள்ளே ஒரு பொருள் அழுத்தினால் குடல் அதற்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, பொருளைத் தள்ளிக்கொண்டே போனது. மூளையின் உத்தரவு வராமலே வேலை நடந்தது. 1921-ல் லாங்லி என்ற ஆங்கிலேய அறிஞர், குடல் நரம்பமைப்பைத் தனி அமைப்பாகவே எண்ண வேண்டும் என்று எழுதினார்.

இங்கே ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பில் நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? "மூளை ராஜா, நரம்பு தூதன், உறுப்புகள் வேலைக்காரர்கள்." ஒரு வருஷம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், பரீட்சைன்னா வயிறு கலக்குது. அப்ப வயிறு கெட்டா மூளை கலங்குமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, "உக்காருடா" என்றேன். அந்தப் பையன் இதைப் படித்தால், தம்பி, நீ கேட்டது நல்ல கேள்வி. உட்காரச் சொன்னது என் தப்பு. வெளியிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய நரம்பான வேகஸில் உள்ள இழைகளில் பெரும்பாலானவை குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. கீழே இறங்கும் உத்தரவைவிட மேலே ஏறும் செய்தி அதிகம்.

சரி, நோய்க்கு வருவோம். 1912-ல் ஜெர்மனியில் ஃபிரெடெரிக் லூயி என்ற இளம் மருத்துவர், நடுக்குவாதத்தில் இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது நரம்பு செல்களுக்குள் உருண்டையான சில கட்டிகளைக் கண்டார். அவற்றை அவர் கண்ட இடங்களில் முக்கியமான ஒன்று, வேகஸ் நரம்பு மூளைத்தண்டில் புறப்படும் இடம். குடலோடு பேசும் நரம்பின் வேர். ஆனால் அந்தத் தடத்தை யாரும் பின்தொடரவில்லை. 1919-ல் பாரிஸில் ட்ரெடியாகோஃப் என்பவர், நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பட்டையில் செல்கள் அழிந்திருப்பதைக் கண்டார். அங்கும் அதே கட்டிகள். அவர்தான் அவற்றுக்கு லூயியின் பெயரை வைத்தார். அதன் பிறகு எல்லோர் கண்ணும் அந்தக் கறுப்புப் பட்டையிலேயே நிலைத்துவிட்டது.

அதில் தப்பு சொல்ல முடியாது. மருந்து அந்த வழியில்தான் கிடைத்தது. அந்த மருந்துக் கதையில் நம் நாட்டுச் செடிகள் இரண்டு வருகின்றன. ஒன்று சர்ப்பகந்தா. அதன் வேரை ரத்தக்கொதிப்புக்கும் மனநோய்க்கும் பயன்படுத்தியதைப் பற்றி 1931-ல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற மருத்துவர்கள் எழுதினார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தார்கள். 1957-ல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் மரம்போல உட்கார்ந்துவிட்டன. பிறகு டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். முயல்கள் எழுந்து நடந்தன. மூளையில் டோபமின் குறைந்தால் அசைவு போகும், டோபா கொடுத்தால் திரும்பும் என்று இதிலிருந்து விளங்கியது. 1960-ல் வியன்னாவில், நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பது நேரடியாகத் தெரிந்தது. 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் டோபாவை வாய்வழியாக, படிப்படியாக அளவைக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நடமாட வைத்தார். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது செடி நம் வேலியோரத்துப் பூனைக்காலி. அதன் காயின் சுணை உடம்பில் பட்டு அரித்துக்கொண்டு ஓடாத கிராமத்துப் பிள்ளை உண்டா? 1937-ல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து டோபாவைப் பிரித்தெடுத்து ஆங்கில ஆய்விதழில் எழுதினார்கள். அவரை இனத்து பீன்ஸ் ஒன்றிலிருந்து 1913-லேயே சுவிட்சர்லாந்தில் அதைப் பிரித்திருந்தார்கள். ஆனால் நம் விதையில் அது ஏராளம். கார்ல்சனின் முயல் எழுந்து நடந்ததற்கு இருபது வருஷம் முன்பே மருந்துப் பொருள் சென்னையில் ஒரு கண்ணாடிக் குடுவையில் இருந்திருக்கிறது. அது எதற்கு உதவும் என்று அன்று உலகில் யாருக்கும் தெரியாது.

இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலிப் பொடி வாங்க ஓடாதீர்கள். எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. ஒரு உறவினர் அன்போடு ஒரு டப்பா பொடி கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் டாக்டர் கொடுத்த மாத்திரையோடு அதையும் சேர்த்துச் சாப்பிட்டார். இரண்டும் ஒரே டோபாதான். அளவு மீறியது. கையும் கழுத்தும் தானாக முறுக்கிக்கொண்டன, இரவெல்லாம் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். பொடியை நிறுத்திய பிறகுதான் அடங்கியது. மருத்துவரிடம் மறைத்தது எங்கள் தவறு.

மருந்து கிடைத்தது. ஆனால் லூயி கண்ட கட்டி எதனால் ஆனது? எண்பத்தைந்து வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 1988-ல் அமெரிக்காவில் மின்சாரத் திருக்கை மீனின் நரம்பில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். சைனுக்ளீன் என்று பெயர். நம் நரம்பில் உள்ள அதன் முக்கிய வகை ஆல்ஃபா சைனுக்ளீன். 140 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். நரம்பு முனையில் செய்திப் பொருள் நிரம்பிய நுண்பைகளைக் கையாள உதவுகிறது. 1997-ல் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. இத்தாலியின் கோந்துர்சி என்ற ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட, தலைமுறை தலைமுறையாக இந்த நோய் வந்த ஒரு குடும்பத்தில், இந்தப் புரதத்தின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை இருந்தது. சில மாதத்தில், லூயியின் கட்டிகளே ஆல்ஃபா சைனுக்ளீனால் ஆனவை என்று ஸ்பில்லான்டினி என்ற அறிவியலாளரின் குழு காட்டியது.

நல்ல புரதம் எப்படிக் கட்டியாகும்? விருத்தாசலம்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பட்டறையில் களிமண் கூழில் ஒரு துளி சோடியம் சிலிகேட் சேர்ப்பார்கள். மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கூழ் தண்ணீர்போல ஓடும், அச்சில் அழகாக இறங்கும். அந்தச் சமநிலை கெட்டால் கூழ் திரண்டு கெட்டியாகிவிடும். மண் அதே மண்தான், மாறியது துகள்களின் உறவு. ஆல்ஃபா சைனுக்ளீனும் அப்படித்தான். அளவு மிகுந்தாலோ சூழல் கெட்டாலோ மடிப்பு தவறி ஒன்றோடொன்று ஒட்டி நூலாகத் திரள்கிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. கோணிய அச்சில் ஊற்றினால் அடுத்த பொம்மையும் கோணலாகத்தான் வரும் அல்லவா? மடிப்பு தவறிய ஒரு புரதம் பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு இழுத்துவிடுகிறது. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கும் அது பரவக்கூடும்.

இந்தக் கட்டிகள் குடல் நரம்புகளிலும் இருக்கின்றன என்று 1980-களிலேயே அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கண்டிருந்தார்கள். அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2003-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹெய்கோ பிராக் என்ற உடற்கூறியல் பேராசிரியர், இறந்தவர்களின் பல மூளைகளை வரிசைப்படுத்திப் பார்த்து ஒரு பாதையை வரைந்தார். கட்டிகள் முதலில் தோன்றுவது வேகஸின் வேரிலும் வாசனை அறியும் பகுதியிலும். பிறகுதான் மேலே ஏறி அந்தக் கறுப்புப் பட்டையை அடைகின்றன. கை நடுங்கும்போது கதை பாதி முடிந்துவிட்டிருக்கிறது. வெளியிலிருந்து ஏதோ ஒன்று மூக்கு வழியாகவோ குடல் வழியாகவோ நுழைந்து இதைத் தொடங்கிவைக்கலாம் என்று அவர் கருதினார். 2006-ல் வயிற்றுச் சுவரில் மெய்ஸ்னர், அவுவர்பாக் கண்ட அதே வலைகளில் இந்தப் புரதக் கட்டிகளைக் காட்டினார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மலச்சிக்கல், வாசனை போனது, கை நடுக்கம். அண்ணனுக்கு அதே வரிசையில்தான் வந்தது.

இனி, அந்த மாணவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். குடல் அழற்சிக்கும் இந்தப் புரதத்துக்கும் என்ன தொடர்பு?

குடல் அழற்சி நம் ஊருக்குப் புதிதல்ல. 1960-களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பேக்கர், மேத்தன் ஆகியோரின் குழு, வட ஆற்காடு கிராமங்களில் கொள்ளைநோய்போலப் பரவிய ஒரு வயிற்றுப்போக்கை ஆராய்ந்தது. ஸ்ப்ரூ என்று பெயர். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் ஆட்கள் மெலிந்துபோனார்கள். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொன்ன கிராமத்து மக்களின் குடலிலும், உணவை உறிஞ்சும் நுண்விரல்கள் குட்டையாகத் தடித்திருந்தன. கெட்ட தண்ணீரும் அடிக்கடி வரும் கிருமித்தொற்றும் குடலில் ஓயாத லேசான அழற்சியை வைத்திருக்கின்றன என்றே பிற்காலத்தில் இதைப் பலரும் விளக்கினார்கள். அந்த ஆய்வுகள் சத்து ஏறுவதைப் பற்றியவை. குடலின் நரம்புக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி அப்போது மையத்துக்கு வரவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் 2017-ல் வந்தது. அமெரிக்காவில் மைக்கேல் ஜாஸ்லாஃப் என்ற மருத்துவரின் குழு அதை வெளியிட்டது. வயிற்றுத் தொந்தரவுக்காக எண்டோஸ்கோப்பி செய்துகொண்ட நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் குடல் திசுவைப் பார்த்தார்கள். குழந்தைகள் என்பதால் பார்க்கின்சன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அழற்சி எவ்வளவு அதிகமோ, குடல் நரம்பு இழைகளில் ஆல்ஃபா சைனுக்ளீனும் அவ்வளவு அதிகம். குடல் மாற்று அறுவை செய்துகொண்ட குழந்தைகளுக்கு நோரோ வைரஸ் தொற்று வந்தபோதும் இந்தப் புரதம் கூடியது. இன்னும் ஆச்சரியம், அந்தப் புரதம் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைத் தன்னை நோக்கி இழுத்தது. கிருமி வந்ததும் நரம்பு ஊதும் சங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதாவது இந்தப் புரதம் பிறவிக் கெட்டவன் இல்லை. கிருமியை எதிர்க்க நரம்பு அதை உண்டாக்குகிறது. தொற்று அடங்கினால் அதுவும் அடங்க வேண்டும். அழற்சி வருஷக்கணக்கில் அடங்காவிட்டால்? சங்கு ஊதிக்கொண்டே இருக்கிறது. புரதம் சேர்கிறது. அது கூப்பிட்ட வெள்ளை அணுக்கள் அழற்சியை இன்னும் கூட்டுகின்றன. நெரிசலில் சில மடிப்பு தவறித் திரள்கின்றன. திரண்டது வேகஸ் வழியாக மேலே ஏறக்கூடும். இதில் முதல் பாதிக்கு மனிதத் திசுவிலேயே நல்ல ஆதாரம் இருக்கிறது. பின்பாதிக்கு ஆதாரம் பெரும்பாலும் எலிகளிடமிருந்து வருகிறது. 2019-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், மடிப்பு தவறிய புரதத்தைச் சுண்டெலிகளின் இரைப்பை, முன்சிறுகுடல் தசையில் செலுத்தினார்கள். மாதங்கள் கழித்து அது மூளையில் தெரிந்தது, எலிகளின் நடமாட்டம் குறைந்தது. வேகஸ் நரம்பை முன்கூட்டியே வெட்டிய எலிகளுக்கு அப்படி நடக்கவில்லை.

மனிதர்களில்? ஒரு காலத்தில் அல்சருக்கு வேகஸ் நரம்பை வெட்டும் அறுவை செய்வார்கள். டென்மார்க்கில் அப்படிச் செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை 2015-ல் பார்த்தபோது, நரம்பின் மூலத்தையே வெட்டியவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவாக வந்திருந்தது. 2017-ல் சுவீடனிலும் கிட்டத்தட்ட அதே போக்கு. ஆனால் டென்மார்க் பதிவேடுகளையே வேறொரு குழு ஆராய்ந்தபோது அவ்வளவு உறுதியான வேறுபாடு தெரியவில்லை. 2018-ல் அமெரிக்காவில், நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குப் பார்க்கின்சன் சுமார் 28 சதவீதம் கூடுதலாக வருகிறது என்று கணக்கிட்டார்கள். அவர்களிலேயே அழற்சியை அடக்கும் ஒருவகை ஊசி மருந்து எடுத்துக்கொண்டவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட 78 சதவீதம் குறைவு.

இந்த எண்களைக் கண்டு பயப்பட வேண்டாம். 28 சதவீதம் கூடுதல் என்றால் நூறு பேரில் 28 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. மிகக் குறைவாக இருப்பது இன்னும் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். ஹவாய்த் தீவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 6,790 பேரை 1970-களிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளியானது. நாளுக்கு ஒருமுறைகூட மலம் போகாதவர்களுக்கு, ஒருமுறை போகிறவர்களைவிட 2.7 மடங்கு அபாயம். அதே சமயம், அத்தனை பேரில், அத்தனை வருஷத்தில், நோய் வந்தவர்கள் 96 பேர்தான். மலச்சிக்கல் உள்ள ஆயிரம் பேரில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்த நோய் வராது. எல்லா நோயாளிக்கும் குடலில் தொடங்குகிறது என்றும் சொல்ல முடியாது. சிலருக்கு உடலில் தொடங்கி மூளைக்கு ஏறுகிறது, சிலருக்கு மூளையிலேயே தொடங்குகிறது என்று டென்மார்க்கின் போர்ஹாமர் குழு இப்போது இரண்டு வழிகளைச் சொல்கிறது. அண்ணனுக்கு எது என்று யாரும் சொல்ல முடியாது. பட்டறை நாட்களின் கெட்ட தண்ணீரா, பரம்பரையா, வயதா, எனக்குத் தெரியாது. ஒரு மனிதரின் கதையை வைத்து அறிவியல் சொல்லக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

ஆகவே அம்மா நர்ஸ் பெண்ணே, உனக்கு என் பதில் இதுதான். அந்த வீடியோவில் ஒரு துளி உண்மை இருக்கிறது, ஒரு குடம் பயம் கலந்திருக்கிறது. நீடித்த குடல் அழற்சி குடல் நரம்பில் உள்ள ஒரு புரதத்தைக் கூட்டுகிறது. அந்தப் புரதம்தான் இந்த நோயின் கட்டியிலும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றாக மாறும் வழி மனிதர்களில் இன்னும் முழுதாக நிறுவப்படவில்லை. உன் அம்மாவின் வயிற்றுத் தொந்தரவுக்கு இப்போதே, அந்தத் தொந்தரவுக்காகவே வைத்தியம் பார். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, வாரக்கணக்கில் நிற்காத பேதி இருந்தால் தள்ளிப்போடாதே. குடலைக் காப்பாற்றுவதற்குக் குடலே போதுமான காரணம்.

மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். வீட்டில் ஐம்பது தாண்டியவர் யாருக்காவது தீராத மலச்சிக்கலோடு வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கத்திக் கையைக் காலை உதறுவது, கையெழுத்து சிறுத்துப்போவது என்று ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்தால் கேலி செய்யாமல் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் உறுதியான பிறகும் குடலை மறக்காதீர்கள். டோபா மாத்திரை ரத்தத்தில் கலப்பது சிறுகுடலில்தான். மலச்சிக்கலும் மந்தமான வயிறும் இருந்தால் மாத்திரை அங்கே போய்ச்சேரத் தாமதமாகும், கை கால் ஓடாது. பருப்பு, முட்டை, கறி போன்ற புரத உணவோடு சேர்ந்து போனாலும் சிலருக்கு அது சரியாக ஏறாது. எவ்வளவு இடைவெளி என்று மருத்துவரைக் கேளுங்கள். அண்ணனுக்கு இட்லிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகு காலை நேரம் எவ்வளவோ தேவலை.

நேற்று சாயங்காலம் அண்ணனிடம் இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். முகத்தில் அசைவு குறைந்துவிட்டது, சிரித்தாலும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன்ல, வவுறு சரியில்லன்னு. நீங்கதான சிரிச்சீங்க."

அண்ணி உள்ளே போய்விட்டார். எனக்கும் பதில் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடித்திருக்கும்வரை நடுக்கம் கொஞ்சம் குறைவாக இருந்தது.

பதிவு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்று வயிற்றைப் பற்றி ஏதாவது சொன்னால், ஒரு நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள்.

நலமாக இருங்கள், பிள்ளைகளே.